இந்தக் குழல் யார் காதுக்கு?

(ஏலப்பாறையில் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களின் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



லயம் என்று ஒரு சொல் இருக்கிறது. தஞ்சாவூரில் போய் லயம் என்றால் தாளத்தைச் சொல்கிறோம் என்று நினைப்பார்கள். இங்கே ஏலப்பாறையில் லயம் என்றால் வீடு. பத்துக் கதவு ஒரே வரிசையில், ஒரே தகரக் கூரையின் கீழ். அந்த லயத்தில் பிறந்தவன் நான். என் பாட்டன் கம்பத்திலிருந்து குமுளி ஏறி, வண்டிப்பெரியாறு கடந்து, கங்காணியின் பின்னால் நடந்து வந்தவர். வந்தவர்கள் தலையில் சட்டியும் பானையும் சுமந்து வந்தார்கள். சிலர் அந்த மூட்டைக்குள் ஒரு குழலையும் சுமந்து வந்தார்கள். அந்தக் குழலைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். குட்டைக் குழலா, நெட்டைக் குழலா? இதுதான் இன்றைய தலைப்பு.

இந்தத் தலைப்பு எனக்கு எங்கிருந்து கிடைத்தது? இதோ முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் இரண்டு பேண்டு செட்டுத் தம்பிகளிடமிருந்து கிடைத்தது. போன மாதம் ஒரு சாயங்காலம் என் வீட்டுத் திண்ணைக்கு வந்தார்கள். செல்போனை நீட்டினார்கள். அதில் இரண்டு படம். இரண்டும் கார்னெட், பேண்டில் ஊதுகிற பித்தளைக் குழல். ஒன்று குட்டையாக, உருண்டு திரண்டு, கைக்குள் அடங்குவது போல இருந்தது. மற்றது நீண்டு மெலிந்து, பார்க்க டிரம்பெட்டின் தம்பி போல இருந்தது. “மாமா, இரண்டு வருசமாகச் சிறுகச் சிறுகச் சேர்த்த காசு. ஒரு தடவைதான் வாங்க முடியும். குட்டையை வாங்கவா, நெட்டையை வாங்கவா?” என்று கேட்டார்கள்.

நான் பதில் சொல்லவில்லை. “விரலை வையுங்கள்” என்றேன். “வாய் வைக்கும் இடத்தில் தொடங்கி, காற்று போகும் வழியிலேயே விரலை ஓட்டிக்கொண்டு, வாய் விரிந்த இடம் வரைக்கும் போங்கள்.” படத்தின் மேல் விரல் ஓடியது. குட்டை கார்னெட்டில் விரல் வளைந்தது, திரும்பியது, இன்னொரு சுற்று சுற்றியது. நெட்டையில் நீளமாக ஓடி, குறைந்த திருப்பங்களோடு முடிந்தது. தம்பிகள் நிமிர்ந்து பார்த்தார்கள். அவர்களுக்கே புரிந்துவிட்டது. பித்தளைக் குழாயைப் பிரித்து நீட்டினால் இரண்டும் ஒரே நீளம்தான். இரண்டுக்கும் ஏறத்தாழ நாலரை அடி. சுருதியும் ஒன்றுதான். ஒன்றை நெருக்கமாகச் சுற்றியிருக்கிறார்கள், மற்றதைத் தளர்த்திச் சுற்றியிருக்கிறார்கள்.

அப்படியானால் இரண்டுக்கும் வித்தியாசமே இல்லையா? இருக்கிறது. அந்த வித்தியாசம் எங்கே இருக்கிறது என்று தெரியாமல்தான் காசைத் தொலைக்கிறோம்.

கார்னெட் பிறந்தது பாரிசில், 1820களின் கடைசியில். தபால் வண்டி வருகிறது என்று அறிவிக்க ஊதும் கொம்பு ஒன்று அங்கே இருந்தது. அந்தக் கொம்பில் வால்வு வைத்தார்கள். அதுவரை நாலைந்து ஸ்வரத்தை மட்டும் கூவிக்கொண்டிருந்த கொம்பு முழுப் பாட்டையும் பாடத் தொடங்கியது. ஆர்பன் என்று ஒரு பெரிய வித்வான். 1864இல் கார்னெட்டுக்கு ஒரு பயிற்சிப் புத்தகம் எழுதினார். இன்றைக்கும் டிரம்பெட் படிக்கிற பிள்ளைகள் அந்தப் புத்தகத்தில்தான் விரல் பழகுகிறார்கள். பிறகு இந்த வாத்தியம் இங்கிலாந்துக்குப் போனது. அங்கே நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களும் பஞ்சாலைத் தொழிலாளர்களும் பேண்டு கட்டினார்கள். இந்த இடத்தில் கொஞ்சம் நின்று கேளுங்கள். தரைக்கடியில் கரி வெட்டியவன், கரி படிந்த கையைக் கழுவிவிட்டு, சாயங்காலம் கார்னெட்டைக் கையில் எடுத்தான். அவனுக்கும் வரிசை வீடுதான். அவனுக்கும் லயம்தான்.

அந்தத் தொழிலாளி கையில் எடுத்தது குட்டை கார்னெட். அதில் ஒரு வளைவு உண்டு. ஆங்கிலத்தில் அதற்கு இடையன் கோல் என்று பெயர். ஆடு மேய்க்கிறவர் கிளையை இழுக்கத் தோளில் சாத்தி வருவாரே, தொரட்டி, அந்த வளைவுதான். ஆழமான கூம்பு வைத்த மவுத் பீஸும், படிப்படியாக அகன்றுகொண்டே போகிற குழாயும் சேரும்போது அதன் நாதம் உருண்டு வருகிறது. விளிம்பு குத்தாது. பக்கத்தில் இருப்பவனுடைய நாதத்தோடு ஒட்டிக்கொள்ளும். இங்கிலாந்து பித்தளை பேண்டில் கார்னெட் மட்டும் பத்துப் பேர் ஊதுகிறார்கள். பத்துப் பேர் ஊதினாலும் ஒரே தொண்டை பாடுவது போலக் கேட்க வேண்டும். அதற்குக் குட்டைதான் சரிப்பட்டது.

நெட்டை கார்னெட் ஓங்கி வளர்ந்தது அமெரிக்காவில். பூங்காவில் பேண்டு மேடை கட்டி, ஒருவன் முன்னால் வந்து நின்று தனியாக ஊதுவான், ஆயிரம் பேர் கேட்பார்கள். அவனுக்குப் பக்கத்து நாதத்தோடு ஒட்ட வேண்டிய தேவை இல்லை. கூட்டத்தைத் தாண்டி நேராக எட்ட வேண்டும். நெட்டையின் நாதம் அதற்குத் தோதாகப் பளிச்சென்று, டிரம்பெட்டை ஒட்டி வரும். லூயி ஆம்ஸ்ட்ராங் இளம் வயதில் கார்னெட் ஊதியவர்தான். 1920களின் நடுவில் டிரம்பெட்டுக்கு மாறிவிட்டார்.  கேட்கிற காது வேறானால் குழலும் வேறாகும்.

இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லப் போகிறேன். குழலைக் கையில் எடுக்கும்போது அதன் உயரத்தைப் பார்க்காதீர்கள். பளபளப்பைப் பார்க்காதீர்கள். இந்தக் குழல் யார் காதுக்கு? இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்.

நம் குழலுக்கு வருவோம். நம் குழலின் கதை இன்னும் பெரியது.

நாகஸ்வரத்திலும் குட்டை உண்டு, நெட்டை உண்டு. குட்டைக்குத் திமிரி என்று பெயர். நெட்டைக்குப் பாரி என்று பெயர். கார்னெட்டில் நாம் பார்த்தது இங்கே செல்லாது. நாகஸ்வரத்தைச் சுற்றி மடக்க முடியாது, அது நேர்க்குழல். குழல் நீண்டால் சுருதி இறங்கும், குறுகினால் ஏறும். திமிரி நாலு, நாலரை, ஐந்து கட்டைச் சுருதியில் நிற்கும். பாரி இரண்டு, இரண்டரைக் கட்டைக்கு இறங்கிவிடும். இரண்டரை அடிக்கு மேல் நீளம். விரல் அகட்டிப் பிடிக்க வேண்டும், நெஞ்சில் காற்று நிறைய வேண்டும்.

நம் பாட்டன்மார் சுமந்து வந்தது எது? மதுரைச் சீமையிலும் திருநெல்வேலிச் சீமையிலும் கரகத்துக்கு முன்னால் நையாண்டி மேளத்தில் கூவுமே, அந்த உரத்த குழல். பம்பை அடிக்கிறது, தவில் அடிக்கிறது, தமுக்கு அடிக்கிறது, குலவை எழுகிறது. இத்தனைக்கும் மேலே குழல் எழ வேண்டும். அங்கே இரண்டு கட்டைக் குழலைக் கொண்டுபோய் நிறுத்தினால் தவில் அதை விழுங்கிவிடும். மனிதக் காது கீச்சென்று மேலே நிற்கிற ஒலியைத்தான் சத்தத்தின் நடுவிலும் பிரித்துப் பிடிக்கிறது. நம் முன்னோர் எந்தப் பாடப் புத்தகத்தையும் பார்த்து இதைச் செய்யவில்லை. நாலு தெரு தாண்டிக் கேட்கிறதா என்று பார்த்துச் செய்தார்கள்.

நாம் வந்து குடியேறிய இந்த மண்ணிலும் அதே கணக்குதான். கேரளத்து மேளத்தில் செண்டை வரிசைக்கு எதிரே நின்று ஊதுகிறார்களே, அந்தக் குழலின் பெயரே குறுங்குழல். திருச்சூர் பூரத்தில் இலஞ்சித்தற மேளத்தைப் பார்த்திருப்பீர்கள். இருநூறுக்கும் மேற்பட்ட கலைஞர்கள், காது அடைக்கிற செண்டை முழக்கம். அதன் நடுவிலே அந்தச் சின்னக் குழல் கோடு கிழித்த மாதிரி தனியாகக் கேட்கும். குறுகியிருப்பதால்தான் கேட்கிறது.

அப்படியென்றால் பாரி எதற்காக வந்தது?

திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை. 1898இல் பிறந்தவர். 1956 டிசம்பரில் மறைந்தவர். தோடி ராகம் என்றால் அவர் பெயரும் அவர் பெயர் என்றால் தோடியும் நினைவுக்கு வரும்படி வாழ்ந்தவர். அவர் நாகஸ்வரத்தைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்து உட்கார வைத்தார். சுருதி பிடிக்கிற ஒத்துக்குப் பதிலாகத் தம்புராவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். யோசித்துப் பாருங்கள். பக்கத்தில் தம்புரா, எதிரே அமைதியாக ஐந்நூறு பேர், முன்னால் மைக். இனிமேல் நாலு தெருவுக்குக் கேட்க வேண்டியதில்லை. ஒரு ஸ்வரத்தின் நுனி நடுங்குவது கடைசி வரிசைக்குக் கேட்டால் போதும். காது மாறிவிட்டது. குழலும் மாறத்தான் வேண்டும்.

ஒரு சிக்கல் இருந்தது. பழைய குழலில் சுத்த மத்தியமம் என்கிற ஸ்வரம் நேராக வந்து உட்காராது. உதட்டாலும் மூச்சாலும் அதைச் சரிக்கட்ட வேண்டும். தெருவில் நடந்துகொண்டே ஊதும்போது அது பெரிதாகத் தெரியாது. தம்புராவின் பக்கத்தில் உட்கார்ந்து மணிக்கணக்கில் தோடி ஊதுகிறவருக்கு ஒவ்வொரு முறையும் அது நெருடும். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் நரசிங்கம்பேட்டை என்று ஒரு சிற்றூர். அங்கே ரங்கநாதன் ஆசாரி இந்த நெருடலைக் கையில் எடுத்துக்கொண்டார். கடைந்தார், துளையிட்டார், ஊதச் சொல்லிக் கேட்டார், மறுபடி கடைந்தார். சுத்த மத்தியமம் சுத்தமாகப் பேசும் பாரி நாகஸ்வரம் அந்தப் பட்டறையில் உருவானது. இன்று மேடையில் நீங்கள் பார்க்கும் நாகஸ்வரம் பெரும்பாலும் அந்த வழியில் வந்ததுதான்.

நாகஸ்வரம் கடையும் மரத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக மனம் வரவில்லை. ஆச்சா மரம். பச்சை மரம் ஆகாது. எங்கேயாவது பழைய வீட்டை இடித்தால் அதன் உத்திரத்தையும் தூணையும் தேடிப் போய் வாங்கி வருவார்கள். இரண்டு தலைமுறைக்குக் கூரையைத் தாங்கி, வெயிலிலும் மழையிலும் ஈரமெல்லாம் போன மரம். அதைத்தான் கடைசலில் ஏற்றுகிறார்கள். ஒரு குடும்பத்தின் பிறப்பையும் சாவையும் கேட்டுக்கொண்டு நின்ற உத்திரம் பிறகு நாகஸ்வரமாகி இன்னொரு குடும்பத்தின் கல்யாணத்தில் பேசுகிறது. 2022இல் நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. தாமதமாகக் கிடைத்த மரியாதை என்றுதான் எனக்குத் தோன்றியது.

திருநெல்வேலி வழி வந்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். காருகுறிச்சி அருணாசலத்தை மறக்க முடியுமா? ராஜரத்தினம் பிள்ளையின் சீடர். 1962இல் கொஞ்சும் சலங்கை படத்தில் எஸ்.ஜானகியின் குரலோடு அவர் குழல் போட்டி போட்டது. குரலோடு குழல் இழைய வேண்டுமானால் இரண்டும் ஒரே சுருதியில் நிற்க வேண்டும். அங்கே கேட்க வேண்டிய காது மைக்கின் காது.

இப்போது என் வருத்தத்தைச் சொல்கிறேன். பாரி வந்த பிறகு திமிரியை மட்டம் என்று நினைக்கிற மனம் வந்துவிட்டது. “அது பழைய காலத்துக் குழல், கச்சேரிக்கு ஆகாது” என்று சொல்லிப் பரணில் போட்டார்கள். சிலர் விற்றுவிட்டார்கள். நம் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் கரகம் மேட்டு லயத்திலிருந்து இறங்கி வரும்போது என்ன ஊதுகிறார்கள்? பாரி ஊதுகிறார்கள். தவில் அதை விழுங்கிவிடுகிறது. விழுங்கியதும் என்ன செய்கிறார்கள்? ஜீப்பில் ஒலிபெருக்கியைக் கட்டி முன்னால் விடுகிறார்கள். குழலை மாற்றியிருந்தால் போதும். ஜீப் வேண்டியதில்லை. ராத்திரி சந்நிதிக்கு முன்னால் உட்கார்ந்து ஊதும்போது பாரி ஊதுங்கள், கேட்க நானும் வருகிறேன். கரகம் நடக்கும்போது திமிரி வேண்டும். மேளக்காரப் பெரியவர்களைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன், ஒரு செட்டுக்கு ஒரு திமிரியாவது இருக்கட்டும். விற்றுவிடாதீர்கள்.

நண்பர்களே, ஏலப்பாறையில் குழல் வாங்குகிறவன் யோசிக்க வேண்டிய இன்னொன்று இருக்கிறது. மூடுபனி!

குழலின் சுருதி அதற்குள் இருக்கிற காற்றின் சூட்டைப் பொறுத்தது. 20 டிகிரி சூட்டில் ஒலி விநாடிக்கு 343 மீட்டர் ஓடுகிறது. ஒரு டிகிரி குறைந்தால் விநாடிக்கு அரை மீட்டருக்குச் சற்று மேல் வேகம் குறைகிறது. வேகம் குறைந்தால் சுருதி இறங்கும். கம்பத்து வெயிலில் சேர்த்து வைத்த சுருதி மார்கழி ராத்திரி இங்கே நிற்காது. மூச்சுச் சூட்டால் கொஞ்சம் ஏறும், இரண்டு நிமிடம் சும்மா வைத்திருந்தால் மறுபடி இறங்கும். கோயிலிலோ சர்ச்சிலோ வைத்திருக்கிற கீபோர்டுக்குக் குளிர் தெரியாது, அது போட்ட சுருதியிலேயே நிற்கும். குழல்காரன்தான் இறங்கிப்போவான், பழியும் அவன் தலையில் விழும். நாகஸ்வரத்தில் வாயில் வைத்து ஊதும் சீவாளியை மாற்றிச் சமாளிக்கலாம். கார்னெட்டில் சுருதி சேர்க்கும் ஸ்லைடை உள்ளே தள்ளிக் குழாயைக் குறுக்க வேண்டும். கடையில் ஊதிப் பார்க்கும்போதே ஸ்லைடு முழுக்க உள்ளே போய்தான் சுருதி சேருகிறது என்றால், அந்த வாத்தியத்தை வாங்காதீர்கள். ஒரு விரல் அகலம் வெளியே இழுத்த நிலையில் சேர வேண்டும். அந்த ஒரு விரல் அகலம்தான் நம் ஊர்க் குளிருக்கு நாம் வைத்திருக்கும் சேமிப்பு.

என் கதை ஒன்றையும் சொல்கிறேன். எனக்குப் பதினாறு வயது. அம்மா பச்சைக் கொழுந்து எடுத்த காசில் பழைய நெட்டை கார்னெட் ஒன்று வாங்கித் தந்தார். கடையின் பெயர் வேண்டாம். ஒரு வருசம் ஊதினேன். ஒரு வருசமும் என் நாதம் கூட்டத்தோடு சேரவில்லை. மேலே போகப் போக ஒவ்வொரு ஸ்வரமும் ஒவ்வொரு பக்கம் சாயும். மாஸ்டர் திட்டமாட்டார், என்னைப் பார்ப்பார், அவ்வளவுதான். அந்தப் பார்வை போதும். எனக்குக் காதே இல்லை என்று முடிவு செய்து, ராத்திரி லயத்துக்குப் பின்னால் தண்ணீர்க் குழாயடியில் உட்கார்ந்து அழுதிருக்கிறேன். பிறகு ராணுவத்தில் பேண்டு வாசித்த ஒருவர் லீவில் ஊருக்கு வந்தார். என் கார்னெட்டை வாங்கினார். ஊதவே இல்லை. மவுத் பீஸை இப்படிக் கழற்றினார், கம்பைத் தடவிப் பார்த்தார். “தம்பி, இது டிரம்பெட்டோடது. கார்னெட்டுக்குள்ளே முழுசா இறங்காது” என்றார். வாய்க்கும் குழலுக்கும் நடுவில் அரை விரற்கடை தப்பு. அந்த அரை விரற்கடையை ஒரு வருசம் என் தப்பு என்று நினைத்திருந்தேன். மறுநாள் அவர் தன் பழைய மவுத் பீஸைக் கொடுத்தார். அன்று ஊதிய முதல் ஸ்வரம் இன்னும் என் காதில் இருக்கிறது.

அதனால் தம்பிகளே, குட்டையோ நெட்டையோ, கார்னெட்டுக்கு உரிய மவுத் பீஸ்தானா என்று முதலில் பாருங்கள். அது உள்ளே இறங்கி, ஆடாமல் கவ்வி நிற்க வேண்டும். நம் நாட்டில் பேண்டு வாத்தியத்துக்குப் பேர்போன இடம் மீரட். அங்கே ஜலி கோத்தி என்று ஒரு தெருவே இந்தத் தொழிலில் இருக்கிறது. அங்கே செய்தது குறைந்த விலைக்குக் கிடைக்கும். விலை குறைவு என்று ஒதுக்கவும் வேண்டாம், நம்பி எடுக்கவும் வேண்டாம். மூன்று வால்வையும் ஒவ்வொன்றாக அழுத்தி விடுங்கள். தயங்காமல் மேலே எழும்புகிறதா? பார்த்து எடுங்கள்.

இனி, திண்ணையில் அன்றைக்குச் சொல்லாத பதில். உங்கள் பேண்டு செட்டு எங்கே ஊதுகிறது? கிறிஸ்துமஸ் ராத்திரியில் லயம் லயமாகப் போய் ஊதுகிறது. சர்ச்சில் பாட்டுக் குழுவோடு சேர்ந்து ஊதுகிறது. யாராவது இறந்தால், பெட்டிக்கு முன்னால் நடந்துகொண்டே ஊதுகிறது. இந்த மூன்று இடத்திலும் எதிரே இருக்கிற காது எது? தூங்கி எழுந்து கதவைத் திறக்கும் கிழவியின் காது. பாடிக்கொண்டிருக்கும் பிள்ளையின் காது. அழுதுகொண்டிருப்பவரின் காது. இந்தக் காதுகளுக்குப் பளிச்சென்ற நாதம் வேண்டாம், உருண்ட நாதம் வேண்டும். குட்டையை வாங்குங்கள். உங்களில் சின்னவனுக்கு வயது பன்னிரண்டு. குட்டையின் பாரம் உடம்போடு ஒட்டி நிற்கும், மேட்டு லயத்துக்கு ஏறும்போது கை வலிக்காது. நாளைக்குக் கல்யாண ஊர்வலத்தில் பஸ்ஸுக்கும் லாரிக்கும் நடுவே முன்னால் நின்று ஊத ஒரு ஆள் வேண்டும் என்று வந்தால், அப்போது நெட்டையைப் பற்றிப் பேசுவோம்.

நான் சொன்னதை நம்பிப் போக வேண்டாம், கேட்டுவிட்டுப் போங்கள். மேளக்காரப் பெரியவர் ஒருவர் பரணிலிருந்து இறக்கித் துடைத்த திமிரியைக் கொண்டுவந்திருக்கிறார். பாரியும் இதோ மேசை மேல் இருக்கிறது. இரண்டையும் எடுத்துக்கொண்டு ரோட்டைத் தாண்டி, அந்தத் தேயிலை மேட்டில் போய் நிற்பார்கள். தவிலும் கூடப் போகட்டும். கடைசி வரிசையில் இருப்பவர்கள் அந்தக் கதவை முழுக்கத் திறந்துவிடுங்கள். பனி உள்ளே வந்தால் வரட்டும். மைக்கை நிறுத்துங்கள் தம்பி. ஐயா, முதலில் திமிரி.